பறவை பதித்த பழங்காசு சேர்ப்பது எப்படி: கொங்கு நாட்டுச் சேகரிப்பாளருக்கு

வெள்ளலூர், பொள்ளாச்சி, கலயமுத்தூர், கரூர் அமராவதி மணல் என்று கொங்கு நாட்டில் ரோமானியக் காசு கிடைத்த இடங்களின் பட்டியல் நீளமானது. முசிறித் துறையில் இறங்கிய சரக்கும் பணமும் பாலக்காட்டுக் கணவாய் வழியாகத்தான் கரூருக்கும் காவிரிக்கும் போயின. படியூர் பெரில் கல்லுக்கும் கொடுமணல் மணிகளுக்கும் விலையாக வந்த வெள்ளி அது. அதனால் பறவைக் காசு சேர்க்க நினைக்கும் நம் ஊர்க்காரர் முதலில் இங்கேதான் தேடுவார். அங்கேதான் முதல் தவறும் நடக்கிறது.

இங்கே புதையலாகக் கிடைத்த ரோமானிய வெள்ளிக் காசுகளில் பெரும்பகுதி அகஸ்டஸ், திபேரியஸ் ஆகிய இரு பேரரசர்களுடையது. அவற்றில் மிகுதியாக வரும் இரண்டு வகைகளிலும் பறவை கிடையாது. அகஸ்டஸ் காசின் பின்பக்கத்தில் அவருடைய பேரன்கள் இருவர் கேடயமும் ஈட்டியுமாக நிற்பார்கள். திபேரியஸ் காசில் ஒரு பெண் நாற்காலியில் அமர்ந்திருப்பாள். கரூரில் கிடைத்த சேரர் காசுகளிலும் வில், அம்பு, யானை, மன்னர் தலை, ‘மாக்கோதை’, ‘குட்டுவன் கோதை’ போன்ற பெயர்கள் என்றுதான் வரும். ஆகவே ‘நம்ம அமராவதியில கிடைச்சதுங்க, கழுகு போட்ட வெள்ளி’ என்று ஒருவர் துணியை அவிழ்த்தால், காசைப் பார்க்கும் முன் ஆளைப் பாருங்கள்.

கொங்கில் உட்கார்ந்து பறவைக் காசு சேர்க்கலாம். ஆனால் அது வெளியிலிருந்து விலைக்கு வாங்கிச் சேர்க்கும் தொகுப்பாகத்தான் இருக்கும். என்ன வாங்குவது, எப்படிச் சோதிப்பது, எப்படிக் கெடாமல் வைப்பது என்ற மூன்றும் தெரிந்தால் போதும்.

எந்தப் பறவையில் தொடங்குவது

பறவை போட்ட எல்லாக் காசையும் வாங்க ஆரம்பித்தால் பெட்டி நிறையும், தொகுப்பு உருவாகாது. ஒரு கயிறு வேண்டும். மருதமலை, சென்னிமலை, சிவன்மலை, பழனி என்று மலைக்கு மலை முருகன் இருக்கும் நாட்டில் மயிலும் சேவலும் நல்ல கயிறு. பண்டைய இந்தியக் காசுகளில் இரண்டும் உண்டு என்பது பலருக்குத் தெரியாது.

மயிலுக்கு முதல் காசு குப்தப் பேரரசர் முதலாம் குமாரகுப்தருடைய (சுமார் கி.பி. 415-455) வெள்ளிக் காசு. ஏறக்குறைய 2 கிராம், 12 முதல் 14 மி.மீ.; சட்டைப் பொத்தான் அளவுதான். கங்கைச் சமவெளிக்காக அடித்த வகையில் தோகை விரித்த மயில் நேராக நம்மைப் பார்த்து நிற்கும். மேற்கு இந்தியாவுக்காக அடித்த வகையில் மயில் இல்லை, கருடன். அதுவும் கோடுகளாகச் சிதைந்த கருடன். விற்பவர் பலர் இரண்டையும் மயில் என்றே சொல்லிவிடுவார்கள். வித்தியாசம் எளிது: மயில் என்றால் தலையைச் சுற்றி அரைவட்டமாகத் தோகைப் புள்ளிகள் தெரிய வேண்டும். இதே மயிலை ஸ்கந்தகுப்தரும் தொடர்ந்தார், பின்னால் வந்த ஹூண அரசன் தோரமாணனும் நகலெடுத்தான். அதனால் ஒரே மயிலை வைத்து ஆட்சி மாற்றத்தையே தட்டில் வரிசையாக அடுக்கிவிடலாம். இந்தக் காசுகளில் அச்சு பெரிது, வில்லை (அச்சு விழும் உலோகத் துண்டு) சிறிது. எழுத்து முழுதாக விழுந்த காசு அபூர்வம். எழுத்து முழுசாக இல்லை என்று ஒதுக்காதீர்கள். தோகை முழுசாக இருக்கிறதா என்று பாருங்கள்.

குமாரகுப்தரின் பொற்காசிலும் ஒரு மயில் வகை உண்டு: ஒரு பக்கம் மன்னர் மயிலுக்கு ஊட்டுகிறார், மறுபக்கம் மயிலேறிய கார்த்திகேயர். மிக அழகு. விலையும் அப்படி, போலியும் அப்படி. ஐந்தாறு ஆண்டு அனுபவம் வரும் வரை அதைப் படத்தில் ரசித்தால் போதும்.

கைக்குத் தாராளமாக, கண்ணுக்கு நிறைவாக இருக்கும் மயில் யௌதேயர் செப்புக் காசு. இன்றைய ஹரியானா, பஞ்சாப் பகுதியில் இருந்த யௌதேய கணத்தார் அடித்தது. கார்த்திகேயர் வேல் பிடித்து நிற்பார், காலடியில் மயில். சுற்றிலும் பிராமியில் ‘யௌதேய கணஸ்ய ஜய’ என்று இருக்கும். எடை 11 கிராம் பக்கம், குறுக்களவு 23 முதல் 25 மி.மீ. சில காசுகளில் ‘த்வி’, ‘த்ரி’ என்று இரண்டு, மூன்றைக் குறிக்கும் சொல் கூடுதலாக வரும். மூன்றையும் சேர்ப்பது ஒரு நல்ல இலக்கு. தேய்ந்த காசில் மயில் வெறும் மேடாகத்தான் தெரியும். வேலுக்கு எதிர்ப்பக்கம், இடது காலோரம் விரலால் தடவி, சாய்வு வெளிச்சத்தில் தேடுங்கள்.

சேவலுக்கு அயோத்தி செப்புக் காசு. ஒரு பக்கம் திமில் காளை, மறுபக்கம் பனைமரமும் சேவலும். காங்கேயம் காளைக்காரருக்கும் பனை நாட்டாருக்கும் இதற்கு மேல் என்ன வேண்டும்! சத்தியமித்திரன், ஆரியமித்திரன் என்று ‘மித்திரன்’ பெயர் கொண்ட அரசர்கள் வெளியிட்டவை. பாக்திரியாவை (இன்றைய வட ஆப்கானிஸ்தான் பக்கம்) சேர்ந்த சோஃபிதீஸ் என்பவரின் வெள்ளிக் காசிலும் சேவல் உண்டு. ஆனால் அதில் போலி அதிகம். பழைய ஏலப் பதிவு இல்லாமல் தொடவே வேண்டாம்.

வெளிநாட்டுப் பறவைகளில் மலிவாகத் தொடங்க ரோமானியக் காசு நல்லது. இறந்த பேரரசரைத் தெய்வமாக்கி அடித்த காசில் கழுகு, பேரரசியைத் தெய்வமாக்கியதில் மயில். ரோமானியத் தெய்வங்களில் கழுகு ஜூபிடருடையது, மயில் ஜூனோவுடையது. கி.பி. 270இல் இறந்த இரண்டாம் கிளாடியஸின் கழுகுக் காசு எளிதாகக் கிடைக்கும். சிறியது, பெரும்பாலும் கரடுமுரடானது. அக்காலத்திலேயே ஊர்ப்புறங்களில் நகலெடுத்து அடித்ததும் நிறைய உண்டு. கழுகு கோழிக்குஞ்சு மாதிரி இருந்தால் அந்த நகல்தான். அதற்கும் சேகரிப்பு மதிப்பு உண்டு, ஆனால் அசல் விலை கொடுக்காதீர்கள். கி.பி. 348க்குப் பின் கான்ஸ்டன்ஸ், இரண்டாம் கான்ஸ்டான்டியஸ் பெயரில் வந்த சிறு செப்புக் காசில் பீனிக்ஸ் பறவை உருண்டை மேலோ கற்குவியல் மேலோ நிற்கும். நீளக் காலோடு இருப்பதால் கொக்கு என்று தவறாகப் பெயர் எழுதி விற்பார்கள். தலையைச் சுற்றிக் கதிர்கள் தெரிந்தால் பீனிக்ஸ்.

எகிப்தை ஆண்ட தாலமி வம்சத்தார் காசுகளில் இடி மேல் நிற்கும் கழுகு நூற்றாண்டுக் கணக்கில் மாறவில்லை. வெள்ளியில் நான்கு திராக்மா (கிரேக்க நாணய மதிப்பு) காசு 14.2 கிராம் பக்கம். செப்பில் பெரியவை 40 மி.மீ. தாண்டும். அந்தச் செப்புக் காசுகளின் நடுவில் சிறு குழி இருக்கும். ‘யாரோ ஓட்டை போடப் பார்த்திருக்காங்க’ என்று விலை குறைத்துக் கேட்காதீர்கள். அது அடிக்கும்போதே இருந்தது. கிரேக்க நகரங்களின் காசுகளான சிக்கியோனின் புறா, அக்ராகஸின் கழுகும் நண்டும், இஸ்த்ரோஸின் டால்பினைப் பிடித்த கழுகு எல்லாம் அடுத்த படி.

நம் பக்கத்து வரலாற்றோடு ஒட்டி ஒரு பறவை வேண்டுமென்றால் கொஞ்சம் பிற்காலத்துக்கு வர வேண்டும். விஜயநகர அச்சுதராயரின் (1529-1542) அரை வராகனில் கண்டபேரண்டம், அதாவது இருதலைப் பறவை, அலகிலும் காலிலும் யானைகளைத் தூக்கியபடி நடக்கும். 1.7 கிராம் தங்கம், சுண்டுவிரல் நக அளவு. கிருஷ்ணதேவராயரின் செப்புக் காசில் மண்டியிட்ட கருடன். கொங்கு அப்போது விஜயநகர ஆட்சியில் இருந்ததால் இவை இங்கே புழங்கியவை.

ஆந்தை: வாங்காவிட்டாலும் படிக்க வேண்டிய காசு

உலகத்தில் மிகவும் தெரிந்த பறவைக் காசு ஏதென்ஸ் ஆந்தைதான். அதனாலேயே மிக அதிகமாகப் போலியாவதும் அது. எடை 17.2 கிராம், குறுக்களவு 24 மி.மீ. பக்கம், தடிமனான வில்லை. ஆந்தையின் உடல் வலப்பக்கம் திரும்பியிருக்கும், முகம் மட்டும் நம்மை நேராகப் பார்க்கும். முதுகுப் பக்கம் மேலே ஒலிவக் கிளையும் பிறையும். ஆந்தைக்கு முன்னால் மேலிருந்து கீழாக மூன்று எழுத்து: கூரை மாதிரி ஒன்று, நடுவில் புள்ளி வைத்த வட்டம், சீப்பு மாதிரி ஒன்று.

காலத்தைக் கண்டுபிடிக்க இரண்டு இடம் பாருங்கள். ஆந்தையின் வால் மூன்று சிறு இறகாகப் பிரிந்திருந்தால் கி.மு. 5ஆம் நூற்றாண்டின் முற்பகுதி. ஒரே இறகாக முடிந்தால் அந்த நூற்றாண்டின் பிற்பகுதியோ அதற்குப் பின்னோ. அடுத்து, காசைத் திருப்பி, அங்கே உள்ள ஏதீனா என்ற கிரேக்கப் பெண் தெய்வத்தின் கண்ணைப் பாருங்கள். முகம் பக்கவாட்டில் இருந்தும் கண் மட்டும் நேராக, பாதாம் பருப்பு மாதிரி இருந்தால் 5ஆம் நூற்றாண்டு. கண்ணும் பக்கவாட்டில் இருந்தால் 4ஆம் நூற்றாண்டு. மூன்று இறகு வாலும் பக்கவாட்டுக் கண்ணும் ஒரே காசில் வந்தால் அது எந்தக் காலத்துக் காசும் அல்ல. இரண்டு அசல் படத்திலிருந்து பாதிப் பாதி எடுத்தவன் செய்தது.

முகப்பிலோ ஆந்தை மேலோ ஆழமான உளி வெட்டு இருந்தால் பயப்பட வேண்டாம். உள்ளே செம்பா என்று பார்க்க அந்தக் கால வணிகர் போட்ட வெட்டு அது. விலை குறையும். நம்பிக்கை கொஞ்சம் கூடும், வெட்டின் உட்புறத்திலும் பழைய நிறம் ஏறியிருந்தால்.

சோதனை: தராசு, வெர்னியர், தண்ணீர்

மூன்று கருவி போதும். 0.01 கிராம் காட்டும் பாக்கெட் தராசு, வெர்னியர் காலிப்பர், 10 மடங்கு பெரிதாக்கும் லென்ஸ். கோயம்புத்தூரில் லேத் பட்டறை இல்லாத தெரு குறைவு என்பதால் வெர்னியருக்கு அலைய வேண்டியதில்லை. தராசை ஒவ்வொரு முறையும் சரிபாருங்கள். 2011க்கும் 2018க்கும் இடையே வந்த ஐந்து ரூபாய் நாணயம் தேயாமல் இருந்தால் 6.00 கிராம் காட்ட வேண்டும்.

எடை முதலில். ஆந்தை 17.2க்குப் பதில் 15 காட்டினால் அங்கேயே நிறுத்தலாம். எடை சரியாக இருந்தால் அசல் என்று ஆகிவிடாது. நல்ல போலிக்காரனும் தராசு வைத்திருக்கிறான்.

அடுத்து தண்ணீர்ச் சோதனை. சிறு கண்ணாடித் தம்ளரில் முக்கால் பங்கு தண்ணீர் ஊற்றித் தராசில் வைத்து எடையைப் பூச்சியமாக்குங்கள். தண்ணீரில் ஒரு துளி பாத்திரம் கழுவும் சோப்புத் திரவம் விட்டால் காசில் காற்றுக் குமிழி ஒட்டாது. காசை மெல்லிய நூலில் கட்டி, அடியிலும் பக்கத்திலும் படாமல், முழுதும் மூழ்கும்படி தொங்கவிடுங்கள். நூலைக் கையில் பிடித்தால் எண் ஆடும். கரண்டியைக் குறுக்கே இரண்டு புத்தக அடுக்கின் மேல் வைத்து அதில் கட்டுங்கள். இப்போது தராசு காட்டுவதுதான் காசின் கன அளவு. காசின் எடையை அந்த எண்ணால் வகுத்தால் அடர்த்தி வந்துவிடும்.

கணக்கு இப்படி: காசு 17.18 கிராம், தண்ணீரில் 1.65 என்று காட்டினால், 17.18 ÷ 1.65 = 10.41. சுத்த வெள்ளி 10.49, ஆகவே பொருந்துகிறது. அதே காசு 1.92 காட்டினால் 8.95 வரும். அது செம்பு, மேலே வெள்ளிப் பூச்சு. தங்கம் 19.3, ஈயம் 11.3, வெள்ளீயம் 7.3. பழங்காலத்திலேயே செம்பின் மேல் வெள்ளி போர்த்திய கள்ளக்காசு உண்டு என்பதால், 8.95 வந்தால் பொன்விலை கொடுக்காதீர்கள் என்று மட்டும்தான் அர்த்தம்; நேற்றுச் செய்ததா, 2,000 ஆண்டுக்கு முன் செய்ததா என்பதை லென்ஸ்தான் சொல்லும்.

இந்தச் சோதனை சின்னக் காசுக்கு ஆகாது. குமாரகுப்தர் காசு 2 கிராம், தண்ணீரில் 0.19 காட்டினால் 10.5, 0.21 காட்டினால் 9.5. தராசின் கடைசி இலக்கம் ஆடினாலே வெள்ளி செம்புக் கலவையாகிவிடும். 1.7 கிராம் அரை வராகனில் இன்னும் மோசம். 5 கிராமுக்குக் கீழே தண்ணீரை மறந்துவிடுங்கள்.

அப்போது பலருக்குத் தோன்றுவது நகைக்கடைத் தெருவில் ‘டச்’ பார்ப்பது. உரைகல்லில் உரசவோ அமிலம் வைக்கவோ எக்காரணம் கொண்டும் விடாதீர்கள். பட்டறைக்காரர் பழக்கத்தில் விளிம்பை ஒரு இழுப்பு இழுத்துவிடுவார். சேகரிப்பு மதிப்பு அந்த இழுப்பில் போய்விடும். எக்ஸ்-ரே போட்டுக் கம்ப்யூட்டரில் டச் காட்டும் கடைகளில் காசுக்குச் சேதமில்லை. ஆனால் அது மேல்தோலை மட்டுமே படிக்கும். மண்ணில் கிடந்த வெள்ளியில் மேற்பரப்புச் செம்பு கரைந்து போய், உள்ளதைவிடச் சுத்தமாகக் காட்டும். பூச்சுக் காசும் அதனால் ஏமாற்றும். கல்லில் தட்டி ஓசை கேட்பதும் வேண்டாம். மிகப் பழைய வெள்ளி உள்ளுக்குள் படிகமாகி முறுகலாகியிருக்கும், அப்பளம் மாதிரி உடையும்.

லென்ஸில் முதலில் விளிம்பைப் பாருங்கள், அப்புறம் பறவையை. அச்சில் அடித்த காசில் விளிம்பு வெடித்திருக்கும்; வெடிப்பின் சுவர் கூர்மையாக, உள்ளே ஆழமாகப் போகும். வார்த்த போலியில் அந்த வெடிப்பும் நகலாகியிருக்கும், ஆனால் ஆழமில்லாமல், ஓரம் மழுங்கி. விளிம்பைச் சுற்றி அரம் போட்ட கோடு தெரிந்தால் வார்ப்பு இணைப்பை ராவி மறைத்திருக்கிறார்கள். பிறகு பறவையின் இறகுக்கும் களத்துக்கும் (உருவத்தைச் சுற்றிய வெற்றுப் பரப்பு) நடுவே உள்ள மூலை. அடித்த காசில் உருவம் களத்திலிருந்து சட்டென்று எழும். வார்ப்பில் மெழுகு உருகினாற்போல வழிந்து எழும், பள்ளத்தில் ஊசிமுனைக் குழிகள் இருக்கும். அரிப்பிலும் குழி வரும். ஆனால் அரிப்பு மேட்டிலும் பள்ளத்திலும் ஒழுங்கில்லாமல் வரும்.

எல்லாம் சரியாக இருந்தும் சந்தேகம் தீராவிட்டால், அதே வகைக் காசுகளின் படங்களை இணைய ஏலப் பதிவுகளில் தேடுங்கள். ஒரே அச்சில் அடித்த இரண்டு காசில் உருவம் ஒன்றாக இருக்கலாம். ஆனால் விளிம்பு வடிவமும், வெடிப்பும், கீறலும், நடு விலகலும் ஒன்றாக இருக்க முடியாது. இருந்தால் இரண்டும் ஒரு தாய் வயிற்று வார்ப்புப் பிள்ளைகள்.

வாங்கும் இடமும் சட்டமும்

100 ஆண்டு கடந்த நாணயம் 1972ஆம் ஆண்டின் தொல்பொருள், கலைக் கருவூலச் சட்டப்படி தொல்பொருள். அதை விற்பதைத் தொழிலாகச் செய்பவருக்கு உரிமம் வேண்டும். உரிமம் உள்ளவரிடம், பெயர், வகை, எடை, படம் குறிப்பிட்ட பில்லோடு வாங்குங்கள். ‘ரோமன் காயின் - 1’ என்று எழுதிய பில் பில்லே அல்ல. இந்தச் சட்டம் வெளிநாட்டுக்கு அனுப்புவதையும் தடுக்கிறது. அமெரிக்காவுக்குத் தரச் சான்றுக்கு அனுப்பித் திருப்பி வாங்கலாமே என்ற யோசனையும் அனுப்புவதில்தான் அடங்கும், மாட்டிக்கொள்வீர்கள். வெளிநாட்டு ஏலத்தில் வாங்கினால் இறக்குமதி வரி என்ன என்று ஏலம் கேட்கும் முன்பே சுங்கத் தரகரிடம் விசாரித்து, அதையும் சேர்த்து உச்ச விலையை முடிவு செய்யுங்கள்.

‘உழுதப்போ கிடைச்சது’ என்று வருவதை வாங்காதீர்கள். பொய்யானால் பணம் போச்சு. உண்மையானால் இன்னும் மோசம்: 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி மண்ணில் கிடைத்த, 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையலை மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். மறைத்தவருக்கு ஓராண்டு வரை சிறை உண்டு. உங்கள் தோட்டத்திலேயே சட்டி கிளம்பினாலும் இதே விதிதான். காசைத் தேய்க்காமல், சட்டியைக் கலைக்காமல், கிடைத்த இடத்தைப் படமெடுத்துத் தகவல் கொடுங்கள். மண்ணடுக்கு கலைந்த காசு வரலாற்றுக்குப் பாதி ஊமை.

கண் பழகுவதற்கு வாங்கத் தேவையில்லை. கரூர், கோயம்புத்தூர், ஈரோடு அரசு அருங்காட்சியகங்களுக்கு லென்ஸோடு போய் அசலின் தேய்மானம் எப்படி இருக்கும் என்று பாருங்கள். எழும்பூர் அருங்காட்சியகத்து ரோமானியக் காசுகளுக்கு ஒரு நாள் தனியாக ஒதுக்கலாம்.

தேய்க்காதீர்கள்

நம் வீட்டுப் பித்தளைக்குப் புளி, சாம்பல், எலுமிச்சை. பழங்காசுக்கு மூன்றும் நஞ்சு. செப்புக் காசின் மேல் படிந்த பச்சையோ கரும்பழுப்போ அழுக்கல்ல. மயிலின் தோகை அந்தத் தோலில்தான் இருக்கிறது. புளி போட்டால் தோல் கரைந்து பளபளப்பான தாமிர வில்லை மிஞ்சும்.

மண் ஒட்டியிருந்தால் மட்டும் ஊறவையுங்கள். இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் போதும். அமிலம் கலந்த பாட்டிலை எடுத்துவிடாதீர்கள். மூன்று நாளுக்கு ஒருமுறை தண்ணீர் மாற்றி, மூங்கில் பல்குச்சியால் மண்ணை மட்டும் நெம்புங்கள். மாதக்கணக்கில் ஆகும். ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணீர் கூடவே கூடாது. அந்தக் குளோரைடுதான் அடுத்த நோய்க்கு விதை.

அந்த நோயைச் சேகரிப்பாளர்கள் செப்பு நோய் என்பார்கள். வெளிர்பச்சைப் பொடி, சுண்ணாம்பு மாதிரி. பல்குச்சியால் தொட்டால் உதிரும். நல்ல பச்சைத்தோல் உதிராது. பொடியைத் துடைத்து, ஒரு வாரம் தனி டப்பாவில் வையுங்கள். திரும்பப் பூத்தால் நோய் உயிரோடு இருக்கிறது. ஒரு லிட்டர் டிஸ்டில்டு வாட்டரில் நீரற்ற சோடியம் கார்பனேட் 28 கிராம், சமையல் சோடா 22 கிராம் கரைத்து அதில் ஊறவையுங்கள். வாரம் ஒருமுறை கரைசலை மாற்றுங்கள். சில வாரம் முதல் சில மாதம் ஆகலாம். தோலின் நிறம் கொஞ்சம் மாறும், அதைத் தவிர்க்க முடியாது. பிறகு டிஸ்டில்டு வாட்டரில் பலமுறை அலசி, அசிட்டோனில் முக்கி, நன்றாக உலர்த்துங்கள்.

நோய் வராமல் காப்பது ஈரத்தைத் தடுப்பதில் இருக்கிறது. ஆடிச் சாரல் கணவாய் வழியே வந்து கோயம்புத்தூர், பொள்ளாச்சிப் பீரோக்களை நனைக்கும் மாதங்களில்தான் செப்புக் காசு பூக்கும். காற்றுப் புகாத 5 லிட்டர் டப்பாவில் 100 கிராம் நிறம் மாறும் சிலிக்கா ஜெல், உள்ளே சின்ன ஈரமானி. 40 சதவீதத்துக்குக் கீழே நிற்க வேண்டும். ஜெல் நிறம் மாறினால் அடுப்பில் 120 டிகிரியில் இரண்டு மணி நேரம் வறுத்து ஆறவிட்டுத் திரும்பப் போடலாம்.

மலிவான மெத்தென்ற பிளாஸ்டிக் உறைகள் பெரும்பாலும் பி.வி.சி. ஒரு கோடைக்குள் காசில் பிசுபிசுப்பான பச்சை எண்ணெய் ஏற்றிவிடும். மைலார் (பி.வி.சி. அல்லாத தெளிந்த பிளாஸ்டிக் தாள்) ஒட்டிய அட்டை உறை வாங்கி, ஸ்டேப்பிள் முனையைக் குறடால் தட்டையாக்குங்கள். இல்லாவிட்டால் அடுத்த காசின் கழுகைக் கீறும். வெள்ளிக் காசுப் பக்கம் ரப்பர் பேண்டும் பழைய செய்தித்தாளும் வேண்டாம். அவற்றின் கந்தகம் கறுக்க வைக்கும். புதுத் தேக்குப் பெட்டியும் அமில ஆவி விடும்.

உறை மேல் எழுத வேண்டியது கொஞ்சம்தான்: வரிசை எண், அரசர், பறவை, உலோகம், எடை இரண்டு தசமம் வரை, குறுக்களவு, வாங்கிய தேதி, யாரிடம், விலை. கூடவே அச்சுத் திசை. தலைப்பக்கத்தை நேராகப் பிடித்து, இடவலமாகக் காசைத் திருப்புங்கள். பறவையின் தலை கடிகாரத்தில் எந்த மணியைக் காட்டுகிறதோ, அதுதான் திசை: நேராக நின்றால் 12, தலைகீழானால் 6. அட்டையில் பென்சிலால் எழுதுங்கள். பேனா மை ஆடி ஈரத்தில் ஊறிக் காசில் ஏறும்.